வரிசை எண் 211: வேதவல்லியின் சிரிப்பு

ஓர் எவர்சில்வர் டம்ளர் மாடிப்படியில் உருண்டு இறங்குகிற சத்தம். பதினான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் நின்று யோசித்துவிட்டு இறங்குவதுபோல இறங்கி, கடைசியில் சிமெண்டுத் தரையில் தன்னைத்தானே சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். டம்ளர் ஓய்ந்த இடத்திலிருந்து என் தங்கை வேதவல்லியின் சிரிப்பு எழுந்தது. முதலில் எண்ணெய் போடாத கீல்போல ஒரு சின்ன முனகல், பிறகு இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஏறும் ஓட்டம், உச்சியில் மூச்சே இல்லாத ஒரு நிறுத்தம், கேட்கிறவர்கள் இவளுக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துபோகும் நேரத்தில் பித்தளைக் குண்டானில் துவரம்பருப்பைக் கொட்டியதுபோல ஒரு சரிவு, எல்லாம் முடிந்தபின் ஏன் சிரித்தோம் என்று வருந்துவதுபோல ஒரு ‘ஹூம்.’ அவளுக்கு அப்போது பதினெட்டு வயது, எனக்கு இருபத்திரண்டு.

அந்தச் சிரிப்பு இடையில் பதினோரு மாதம் எங்கள் வீட்டில் இல்லை. அது வேறொருவருக்குச் சொந்தமாக இருந்தது.

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே மோட்டார் பம்பு வார்க்கும் பட்டறை ஒன்று இருந்து மூடிப்போயிற்று. அதைக் கோபியிலிருந்து வந்த தாரணி என்ற பெண் வாடகைக்கு எடுத்து, சுவருக்கு வெள்ளையடித்து, ஒன்பது பேரோடு வீடியோ கேம் செய்யும் ஸ்டுடியோ ஆரம்பித்தாள். பெண்கள் கல்லூரியில் முப்பத்துமூன்று வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றிருந்த என்னிடம், ஒரு நாள் மாடியேறி வந்து, “மிஸ், எங்க கேம்ல வர்ற ஊருக்கு வீட்டுக்கு வீடு பேசற பேச்சு எழுதித் தருவீங்களா?” என்று கேட்டாள். எழுதித் தந்தேன். அந்த ஊருக்கு மழையூர் என்று பெயர். மழை நிற்பதே இல்லாத ஊர். தபால்காரனுடைய பையில் இருக்கும் கடிதங்களின் விலாசமெல்லாம் நனைந்து அழிந்துவிட்டன. மழைக்குப் பயந்து யாரும் கதவைத் திறப்பதில்லை. ஆகவே விளையாடுகிறவர் தபால்காரனாகக் கதவு கதவாகப் போய்க் காதை வைத்துக் கேட்டு, உள்ளே இருமுவது யார், சிரிப்பது யார் என்று கண்டுபிடித்து, உரிய கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். அதுதான் விளையாட்டு, வேறொன்றும் இல்லை.

கதவுகளுக்குப் பின்னால் வைக்கச் சத்தங்கள் வேண்டியிருந்தன. ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்யும் ஜெபஸ்டின், கையில் பஞ்சு சுற்றிய மைக்கோடு எங்கள் தெருவில் ஆறு மாதம் அலைந்தான். டீக்கடை மயில்சாமியின் இருமலை எடுத்தான். இஸ்திரி வண்டி மாராத்தாள் ஈரத் துணியை ஒரே உதறாக உதறும்போது வரும் வெடிப்பை எடுத்தான். ஓய்வு பெற்ற கண்டக்டர் சுப்பராயன் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதும் விசிலை எடுத்தான். பட்டறையின் இரும்புக் கேட் அழுவதையும், தாரணி வீட்டுக் குக்கர் கூவுவதையும் எடுத்தான். பச்சைக் கதவுக்குப் பின்னால் வைக்க வேதவல்லியின் சிரிப்பை எடுத்தான். அந்த ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் இருந்தது. இருமல் ஒன்று, இருமல் இரண்டு என்று எண் போட்டு வைக்க மாட்டார்கள். யாருடைய சத்தமோ அவர் பெயரிலேயே வைப்பார்கள். “இனாமாக் குடுக்கறாங்க மிஸ், பேராவது இருக்கட்டும். அதுதான் மரியாதை” என்பாள் தாரணி. மயில்சாமியின் இருமல். மாராத்தாளின் உதறல். வேதவல்லியின் சிரிப்பு. அந்த மரியாதைதான் எங்களை மாட்டிவிட்டது.

மழையூரை உலகம் முழுக்க விளையாடினார்கள். டிவியில் மாட்டி விளையாடும் பெட்டியைச் செய்கிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, முதலில் அதைத் தன் பெட்டிக்கு மட்டும் என்று கேட்டு வாங்கியது. பிறகு ஸ்டுடியோவில் கொஞ்சம் பங்கு வாங்கியது. பிறகு இன்னும் கொஞ்சம். எங்கள் தெருவில் அதற்குப் பெட்டிக் கம்பெனி என்று பெயர். ஒரு திங்கட்கிழமை தாரணி மைசூர்பாகோடு வந்தாள்.

“முழுசா வாங்கிக்கறாங்க மிஸ்.”

“முழுசா என்றால்?”

“முழுசான்னா முழுசாத்தான். ஸ்டுடியோ, கேம், அதுல இருக்கிற அத்தனையும்.”

“நீங்கள்?”

“நாங்க அதே நாற்காலி, அதே வேலை. ஒண்ணும் மாறாதுன்னு எழுத்துல குடுத்திருக்காங்க.”

“ஒண்ணும் மாறாதுன்னா அப்புறம் எதுக்குக் கண்ணு வாங்கறாங்க?” என்று வேதவல்லி உள்ளேயிருந்து கேட்டுவிட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் சிரித்த கடைசிச் சிரிப்புகளில் அது ஒன்று.

கம்பெனி ஒரு பட்டியல் கேட்டது. கேமில் இருக்கும் ஒவ்வொன்றையும் எழுதி, ஒன்று விடாமல், வரிசை எண் போட்டுத் தர வேண்டும். தமிழும் ஆங்கிலமுமாக நான்தான் தட்டச்சு செய்தேன். நானூற்றுப் பன்னிரண்டு வரிகள், அதில் முப்பத்தெட்டு எங்கள் தெருவின் சத்தங்கள். பெயர்களை இருந்தபடியே எழுதினேன். இருநூற்றுப் பதினொன்று என்று எண் போட்டு வேதவல்லியின் சிரிப்பு என்று எழுதியபோது, அவள் எனக்குப் பின்னால் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “எம் பேரெல்லாம் போகுதா? எங்கே வரைக்கும் போகும்?” என்றாள். “போகிற வரைக்கும்” என்றேன். இது மயில்சாமியின் இருமல் என்று பட்டியல் சொன்னது. பட்டியலில் உள்ளதெல்லாம் இனி எங்களுடையது, எங்களுடையது மட்டுமே, எல்லா நாட்டிலும், எல்லாக் காலத்துக்கும் என்று கம்பெனியின் பத்திரம் சொன்னது.

வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்குக் கையெழுத்தானது. பதினொன்று இருபதுக்கு மயில்சாமி டீ ஆற்றிக்கொண்டிருந்தார். நெஞ்சு கமறி, கண்ணில் நீர் வந்து, வாய் திறந்து, ஒன்றும் வரவில்லை. மாராத்தாள் ஒரு வேட்டியை உதறினாள். வேட்டி காற்றில் விரிந்தது, சத்தம் இல்லை. இன்னொரு முறை உதறினாள், இல்லை. வேட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சத்தம் கீழே எங்காவது விழுந்துவிட்டதோ என்று வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பட்டறைக் கேட் யார் தள்ளியும் சத்தமில்லாமல் திறந்தது. அதற்குப் பிறகு ஸ்டுடியோவுக்குள் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று தெருவுக்குத் தெரியாமல் போயிற்று.

அன்று மாலை டிவியில் ஒரு வயிறு பெருத்த மனிதர் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தார். வேதவல்லியின் தோள் குலுங்கியது, கண் நிறைந்தது, வாய் திறந்து உச்சிக்குப் போய் நின்றது. அந்த நிறுத்தத்துக்குப் பிறகு வர வேண்டிய பருப்பு கொட்டவில்லை. அவள் தொண்டையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“வரலையேக்கா” என்றாள்.

எங்கள் தெரு இதற்கு ஆச்சரியப்படவில்லை. தண்ணீர்க் குழாய் ஒரு நாள் நின்றால் கார்ப்பரேஷனில் யாரோ எதையோ திருகிவிட்டார்கள் என்று புரிந்துகொள்வதுபோல, யாரோ எங்கேயோ எதையோ திருகிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டது. ஆச்சரியத்துக்குப் பதிலாகச் சந்தேகம் வந்தது, வந்தது போகவேயில்லை. யார் பெயரை யார் கொடுத்தது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டு தேய்த்தார்கள். செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றவனை, என்னத்தைப் பிடிக்கிறாய் என்று கேட்டார்கள். பிறந்து நாற்பது நாளான குழந்தையை அதன் அம்மா முந்தானையால் மூடி அழவைத்தாள். மூன்றாம் வீட்டு ரங்கநாயகி கோலம் போட்டு முடித்தவுடன் அதன்மேல் முறத்தைக் கவிழ்த்து வைத்தாள், கோலத்துக்குச் சத்தம் கிடையாது என்று சொல்லியும் கேட்கவில்லை. “இன்னைக்குச் சத்தம், நாளைக்குப் புள்ளி” என்றாள்.

ஜெபஸ்டின் மைக்கை நீட்டாமல் விட்டவர்களுக்கு வேறொரு மனக்குறை இருந்தது. “ஏன், எங்க வீட்டு இருமல் மட்டமா?” என்று தெருக்கோடி வீட்டு ஆறுமுகத்தின் மனைவி மயில்சாமியின் கடையில் வைத்தே கேட்டாள். “உங்களுக்கெல்லாம் என்ன கிடைச்சுதுன்னு சொல்லாம இருக்கீங்க” என்றும் சொன்னாள்.

மாராத்தாள் என் படியேறி வந்தாள். உட்காரவில்லை.

“ஏனுங் மிஸ், பட்டியல் எழுதுனது நீங்கதானாமா?”

“ஆமாம் மாராத்தா.”

“எம் பேரை எழுதறப்ப ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலீங்களா?”

“சத்தத்தின் பெயர்தான் அது. வெறும் பெயர்.”

“பேரு வெறும் பேருன்னா ரேஷன் கார்டுல எதுக்குங் இத்தனை பாக்கறான்?” என்றாள். போகும்போது படியில் நின்று, “இஸ்திரிக்குத் துணி குடுக்காம இருந்தராதீங்க. கோவம் வேற, துணி வேற” என்றாள்.

தாரணி எல்லாம் தெரிந்தேதான் செய்தாள் என்று கொஞ்ச நாள் பேச்சு ஓடியது. அவள் வீட்டுக் குக்கர் விசில் வருவதில்லை, சாதம் தினமும் குழைந்துபோகிறது என்று அவள் வீட்டு வேலைக்காரி சொன்னபிறகு, ஏமாற்றியவள் இல்லை, நம்மோடு சேர்த்து ஏமாந்தவள் என்று தெரு அவளை மறுபடி சேர்த்துக்கொண்டது. ஆனாலும் அவள் கொடுக்கும் மைசூர்பாகை யாரும் அவள் முன்னால் வாயில் போடவில்லை.

இரண்டாம் மாதம் கம்பெனியிலிருந்து ஆதிரா என்ற பெண் பெங்களூரிலிருந்து வந்தாள். நல்ல தமிழ், தாழ்ந்த குரல், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். சத்தம் போன எல்லோருக்கும் ஆளுக்கொரு கேம் பெட்டி கொண்டுவந்திருந்தாள்.

“உங்க சிரிப்பு பத்திரமா இருக்கும்மா” என்றாள் வேதவல்லியிடம். “தொலையலை. நீங்க எப்போ வேணாலும் கேக்கலாம். பச்சைக் கதவுகிட்டப் போய் இந்தப் பட்டனை அழுத்தினாப் போதும்.”

“எனக்குக் கேக்க வேண்டாம் கண்ணு” என்றாள் வேதவல்லி. “சிரிக்கணும்.”

ஆதிரா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எதைச் சொன்னாலும் எழுதிக்கொண்டாள். அதைப் பார்த்துப் பார்த்துத் தெரு அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டது.

மயில்சாமி தன் பெட்டியைப் பிரிக்காமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார், அது இன்னும் எதையாவது எடுத்துவிடும் என்று. மாராத்தாள் அதன்மேல் கரி மூட்டையை வைத்தாள். வேதவல்லி மட்டும் பிரித்தாள். ஜெபஸ்டின் வந்து டிவியில் மாட்டிக் கொடுத்தான். எழுபதை நெருங்கிய கை, நாலே நாளில் பழகிவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு உட்காருவாள். திரையில் மழை பெய்யும். தபால்காரன் குடை இல்லாமல் பச்சைக் கதவுவரை நடந்து, காதை வைத்து நிற்பான். உள்ளே அவள் சிரிப்பாள். இங்கே இவள் வாய் திறந்து, தோள் குலுங்கி, சத்தமில்லாமல் அதற்கு இணையாக அசைவாள். இரண்டும் எப்போதும் கொஞ்சம் பிசகும். “பாதித் தும்மல் மாதிரி நிக்குதுக்கா, முடிய மாட்டேங்குது” என்பாள். கதவு கதவாகப் பழகி, மற்ற ஊர்க்காரர்கள் அந்த விளையாட்டைப் பற்றி எழுதுவதைப் படிக்கவும் கற்றுக்கொண்டாள். உலகத்தில் எங்கெங்கோ இருந்து ஆட்கள், கடிதத்தைக்கூடப் போடாமல், அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே பச்சைக் கதவில் போய் நிற்கிறார்கள் என்று தெரிந்தது. அதைப் படித்துவிட்டு அவள் சந்தோஷப்படவில்லை. சோறு குறைந்தது. ஜாக்கெட் தோளில் நழுவியது. முப்பத்திரண்டு வயதில் கணவன் போய், ஒரு டிரங்குப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தவள். “எங்கிட்ட வேற என்னக்கா இருந்துச்சு?” என்று ஒரு நாள் கேட்டாள், புடவையை மடித்துக்கொண்டே.

எட்டாம் மாதம் மயில்சாமிக்கு இருமல் திரும்பி வந்தது. டீ ஆற்றும்போது வந்து, டீ முழுக்கக் கையில் கொட்டியது. குளிர் தேசத்தில் சிலர், அந்தக் கதவுக்குப் பின்னால் இருமல் கேட்டால் வீட்டில் நோய் வந்ததுபோல இருக்கிறது என்று புகார் எழுதினார்களாம். கம்பெனி அடுத்த அப்டேட்டில் அதை நீக்கிவிட்டதாம். கைவிட்ட அன்றே அது வழி கேட்டு வீடு வந்து சேர்ந்துவிட்டது. மயில்சாமிக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. “நிம்மதியா இருந்தேன். திருப்பித்தான் குடுத்தாங்க, இத்தனை நாள் வெச்சிருந்ததுக்குச் சரி பண்ணியாவது குடுத்திருக்கலாம்” என்று இருமிக்கொண்டே சொன்னார்.

சுப்பராயன்தான் முதலில் புரிந்துகொண்டார். டீக்கடை பெஞ்சில் எழுந்து நின்று, பஸ்ஸில் உள்ளே தள்ளிப் போகச் சொல்லும் அதே குரலில் சொன்னார்: “முப்பது வருஷம் எங்கிட்டப் புகார் புத்தகம் இருந்துச்சு. நல்லா இருக்குதுன்னு எழுதுனா எவனும் படிக்க மாட்டான். திட்டி எழுதோணும். திட்டுனாத்தான் மேல அசைவான். அவனவன் சத்தத்தை அவனவன் திட்டுங்க, தன்னால வந்து சேரும்.”

தெரு திட்ட உட்கார்ந்தது. ஜெபஸ்டின் வேலைபோகும் பயத்தோடு, பேர் மாற்றிப் பேர் மாற்றி, விளையாடுகிறவர்கள் எல்லோரும் எழுதும் அதே பக்கத்துக்கு அனுப்பிக் கொடுத்தான். மாராத்தாளின் உதறல் துப்பாக்கி வெடிப்பதுபோல இருக்கிறது என்று பதினாறு பேர் எழுதினார்கள். அது மூன்று வாரத்தில் வந்துவிட்டது. ஆனால் வேதவல்லியின் சிரிப்பு எதற்கும் அசையவில்லை. அதைத் திட்டி ஒன்று போனால், அதைப் புகழ்ந்து ஆயிரம் வந்தது.

“ஒரே மாதிரி எழுதுனா எடுத்துக்க மாட்டாங்க மிஸ்” என்றான் ஜெபஸ்டின். “ஆளாளுக்கு வேற மாதிரி இருக்கணும். நீங்க எழுதுங்க. உங்களுக்குத்தான் வார்த்தை வரும்.”

“நல்லாக் காரமா எழுதுங்க மிஸ்” என்றார் மயில்சாமி. “உங்க தங்கச்சின்னு பாக்காதீங்க.”

வேதவல்லியிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். மனம் புண்படும் என்று நினைத்தோம்.

நாற்பத்திரண்டு எழுதினேன். ஜலதோஷம் பிடித்த கழுதை என்று எழுதினேன். துருப்பிடித்த அடிபம்பு என்று எழுதினேன். என் நாய் இதைக் கேட்டுக் கட்டிலுக்கு அடியில் போனது, இன்னும் வரவில்லை என்று ஓர் ஊரிலிருந்தும், என் கணவர் இது என் அத்தை சிரிப்பு என்று சண்டை போட்டுப் போய்விட்டார் என்று இன்னோர் ஊரிலிருந்தும் எழுதினேன். மயில்சாமியும் மாராத்தாளும் என் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார்கள். அத்தனை மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. வேதவல்லி அப்போது கோயிலுக்குப் போயிருந்தாள்.

நாற்பத்து மூன்றாவதை நான் தனியாக இருந்தபோது எழுதினேன். ஒரு மத்தியானம். பெரிய யோசனை ஒன்றும் செய்யவில்லை. கை தானாக எழுதியது என்று சொன்னால் பொய்யாகிவிடும். கை எழுதுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

‘இந்தச் சிரிப்பு அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறீர்கள். இதனோடு ஒரே வீட்டில் இருந்து பாருங்கள். இது யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. அதனாலேயே அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைத்து ஒரு முறை எழுந்து போனவர்கள் திரும்பி வருவதில்லை. சிரித்தவள் அடுத்த நிமிடம் அதை மறந்துவிடுகிறாள். கையில் தட்டோடு நின்றவள் மறப்பதில்லை. அந்தக் கதவை மூடியே வையுங்கள்.’

ஜெபஸ்டின் அதைப் படித்துவிட்டு, “இது காரமா இல்லையே மிஸ்” என்றான். இருந்தாலும் அனுப்பினான்.

பத்து நாள் கழித்து ஆதிரா எனக்குப் போன் செய்தாள். பட்டியலில் என் கையெழுத்தும் இருந்ததால் எனக்கு முறையாகத் தெரிவிக்க வேண்டுமாம்.

“எண் இருநூத்திப் பதினொண்ணை எடுத்துடறாங்க மேடம். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு.”

“அத்தனை புகார் வந்ததா?” என்றேன், ஒன்றும் தெரியாதவள்போல.

“நிறைய வந்துச்சு. ஆனா அதெல்லாம் யாரோ விளையாட்டுக்கு எழுதின மாதிரி இருக்குன்னு ஒதுக்கிட்டாங்க. ஒண்ணே ஒண்ணுதான் மேடம் மீட்டிங்ல படிச்சாங்க. அதைப் படிச்சப்புறம் யாரும் பேசலையாம். அதை எழுதினவங்க நிஜமாவே கஷ்டப்பட்டிருக்காங்கன்னு சொன்னாங்க.”

ஆதிரா அதை என்னிடம் ஏன் சொன்னாள் என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான். அவளுக்குத் தெரிந்திருக்குமோ, அதையும் குறிப்பேட்டில் எழுதியிருப்பாளோ.

மறுநாள் பத்து மணிக்கு நான் மாடிப்படியின் உச்சியில் நின்றேன். வேதவல்லி கீழே, கடைசிப் படிக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் மயில்சாமியும் மாராத்தாளும் சுப்பராயனும் எங்கள் வாசலைப் பார்த்தபடி, எதேச்சையாக நிற்பவர்கள்போல நின்றார்கள். பத்தைத் தாண்டி ஒரு நிமிடம் ஆனதும், நான் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை விட்டேன்.

பதினான்கு படிகள். ஒவ்வொன்றிலும் நின்று யோசித்து இறங்கியது. கீழே போய்த் தன்னைத்தானே சுற்றி, அவள் காலருகே ஓய்ந்தது.

வேதவல்லி டம்ளரைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்தாள். அவள் தோள் ஒரு முறை எழுந்தது. கீல்போல அந்த முதல் முனகல் கேட்டது; எனக்குக் கேட்டது, வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது, மாராத்தாள் சுப்பராயனின் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்துவிட்டது. அவள் தொண்டைவரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள். மாத்திரை விழுங்குவதுபோலக் கழுத்து ஏறி இறங்கியதை நான் பார்த்தேன்.

“வந்துருச்சுக்கா” என்றாள்.

“சிரியேன் வேதா.”

“கழுதைன்னு எழுதுனியே, அதைப் படிச்சு உடம்பெல்லாம் குலுங்குச்சு. நாய் கட்டிலுக்கு அடியில போனதும் நீ, புருசன் கோவிச்சுக்கிட்டுப் போனதும் நீ. எனக்குத் தெரியாதா உன் எழுத்து? நீ எனக்காகத்தான் எழுதறேன்னு அத்தனை சந்தோஷம்.” அவரைக்காயின் நாரை உரித்துத் தட்டில் போட்டாள். “கடைசியா ஒண்ணு எழுதியிருந்தே. அது புகார் இல்லையே.”

நான் படியில் உட்கார்ந்தேன்.

“திரும்பி வர வேண்டும் என்றுதான் எழுதினேன்.”

“வந்துருச்சே” என்றாள். “கையில தட்டோட நின்னவள். கேசரித் தட்டு. பச்சைப் பார்டர் போட்ட அரக்குப் புடவை. டம்ளர் உருண்டுச்சு, நான் சிரிச்சேன், உன்னைப் பொண்ணு பாக்க வந்தவங்க எந்திரிச்சுப் போனாங்க. மாப்பிள்ளைக்குக் கால் கொஞ்சம் சாய்ஞ்சிருந்துச்சாம், அவரைப் பாத்துச் சிரிச்சேன்னு நினைச்சுக்கிட்டாங்கன்னு அம்மா சொன்னா. அதுக்கப்புறம் உனக்கு ஏன் யாரும் அமையலைன்னு நான் யோசிச்சதே இல்லை. நீ படிக்கப் போனே, வேலைக்குப் போனே. உனக்கு அதுதான் பிடிச்சுதுன்னு நினைச்சேன்.”

“பிடித்துத்தான் போனேன்.”

“இருக்கலாம்.” கத்தியைப் பலகையில் வைத்தாள். “நான் சிரிக்கறப்பல்லாம் நீ எந்திரிச்சுப் போய் ஜன்னலைச் சாத்துவே. தெருச் சத்தம்னு நினைச்சுக்கிட்டேன். நாப்பது வருஷமா ஒரு ஜன்னல் சாத்தறதை நான் தெருச் சத்தம்னு நினைச்சுக்கிட்டிருக்கேன்.”

“வேதா, எனக்கே அது மறந்துபோயிருந்தது.”

“பொய் சொல்லாதேக்கா. நல்லா எழுதியிருந்தே.”

வாசலில் நின்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் போய்விட்டார்கள். என்ன நடந்தது என்று அவர்கள் ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை. பட்டியல் எழுதியவள், புகார் எழுதியவள், இன்னும் என்ன எழுதுவாளோ என்று எனக்கு முன்னால் கொஞ்சம் வார்த்தையைக் குறைத்துக்கொண்டார்கள். மாராத்தாள் துணி வாங்க வரும்போது படியேறுவதில்லை, கீழே நின்று குரல் கொடுப்பாள். சுப்பராயனின் விசிலைக் கம்பெனி திருப்பித் தரவில்லை. அதைத் திட்டி வந்ததே ஒரே ஒரு புகார், அதுவும் அவரே எழுதியது. எத்தனை தேசத்தில் என் விசிலுக்கு நிற்கிறார்கள் என்று அவர் இப்போது பெருமைப்பட்டுக்கொள்கிறார். தாரணி கரண்ட் குக்கர் வாங்கிவிட்டாள். பட்டறைக் கேட் இன்றும் சத்தமில்லாமல்தான் திறக்கிறது.

வேதவல்லி அதற்குப் பிறகு இருபது நாள் வீட்டில் இருந்தாள். சமைத்தாள், துணி மடித்தாள், எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், கேம் பெட்டியைத் துடைத்து அட்டையில் போட்டுக் கட்டினாள். டிவியில் அந்த வயிறு பெருத்த மனிதர் மறுபடி விழுந்தபோது எழுந்து அடுக்களைக்குப் போனாள். நான் அன்று ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன், இரண்டு கதவும் விரியத் திறந்து, கொக்கி மாட்டி. அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் போனாள். பிறகு ஒரு புதன்கிழமை, டிரங்குப் பெட்டி இல்லாமல் ஒரு துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, “மூணு மாசம் இருந்துட்டு வரேன்” என்று பஸ் ஏறினாள்.

வேதவல்லி இப்போது உடுமலைப்பேட்டையில், அவள் கணவனுடைய அண்ணன் மகள் வீட்டில் இருக்கிறாள். நான்கு வருடம் ஆகிறது. அங்கே அவள் சிரிக்கிறாள் என்று, அந்த ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த மாராத்தாளின் மருமகள் சொன்னாள்.